முதுகில் ஒட்டிய மருந்து

ஆண்டர்சன்பேட்டை
14 நவம்பர் 2024

ஆஸ்டின் அண்ணாவுக்கு,

உனக்குக் கடிதம் எழுதக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். உன் பேரையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்பது பெரியப்பாவின் உத்தரவு. எல்லாரும் தூங்கட்டும் என்று காத்திருந்து, போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீ சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. என் சைக்கிளை விற்று மாத்திரை வாங்கியவனிடம் அதைக் கேட்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. தினமும் பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போகிறேன். எனக்கு ஒரு பதில் வேண்டும். அது தெரிந்த ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்தன்தான்.

அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். நீ போதையை விட அந்த இல்லத்தில் சேர்ந்த பிறகு, ஆகஸ்டில் தெரியவந்தது. இப்போது முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. தங்கச் சுரங்கம் மூடும் வரை கேஜில், அந்த இரும்புக் கூண்டில், இறங்கி ஏறிய மனுஷன் கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை போக சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி வழியில் நிற்கிறார். பகலில் பல்லைக் கடித்துக்கொள்கிறார். ராத்திரியில் தலையணையை வாயில் வைத்துக்கொள்கிறார், எனக்குக் கேட்கக் கூடாது என்று. எனக்கும் அவருக்கும் நடுவே தட்டிதானே இருக்கிறது. கேட்கிறது.

போன வாரம் பெங்களூரில், வலிக்கென்றே இருக்கிற டாக்டர் ஒருவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மார்ஃபின். அப்பா மருந்தின் பேரைக் கேட்டார். இது எந்தக் குடும்பத்து மருந்து என்று கேட்டார். டாக்டர் ஒளிக்காமல் சொன்னாராம். அப்பா மாத்திரையை மேஜைமேல் திருப்பி வைத்துவிட்டார். “என் புள்ளையைத் தின்ன சாமான் இது. இத்த நான் தொடமாட்டேன்.” அம்மாவும் பெரியப்பாவும் கூடப் போயிருந்தார்கள். பெரியப்பாவே வந்து பெருமையாகச் சொன்னார். மாத்திரையை அம்மா வாங்கி வந்துவிட்டாள். அலமாரியில் இருக்கிறது. அப்பா பாரசிட்டமாலைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

நீ அந்தச் சாமானைத் தின்றவன். அது என்ன செய்யும்? அப்பாவைக் கொன்றுவிடுமா? உன்னைப் போல ஆக்கிவிடுமா? எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அதைவிடப் பயமாக இருக்கிறது. பொய் சொல்லாதே. நீ சொன்ன பொய்கள் போதும்.

உங்கள் இல்லத்தில் போன் தரமாட்டார்களாம். நம் தெரு வின்னி அக்கா தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறாள், உன் பக்கம்தான் அவள் ஆபீஸ். அவளிடம் பதிலைக் கொடு.

டீனா

*

பெங்களூர்
18 நவம்பர்

டீனா,

வின்னி அக்கா கேட்டில் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். என்னைப் பார்த்தால் அவளுக்கும் பயம்தான். ஈஸ்டர் முடிந்து இங்கே வந்தேன். இதுவரை வீட்டிலிருந்து ஒரு வரி இல்லை. அப்பாவுக்கு இப்படி என்றுகூட யாரும் சொல்லவில்லை. முதல் கடிதத்தில் நீ என்னை மருந்துக்கடைக்காரன் ஆக்கிவிட்டாய். இருக்கட்டும். சைக்கிளுக்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் நீ மன்னித்துவிடுவாய், அது எனக்கு ரொம்ப மலிவாகப் போய்விடும்.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

மூளையிலும் முதுகுத் தண்டிலும் வலியை அடக்குவதற்கென்றே பூட்டுகள் இருக்கின்றன. அபின் செடியிலிருந்து வருகிற மார்ஃபினும், அதன் மாதிரியில் செய்த மற்ற மருந்துகளும் அந்தப் பூட்டில் போகிற சாவிகள். ஓபியாய்டு என்று மொத்தமாகச் சொல்வார்கள். வலி இருக்கிறவனுக்கு அந்தப் பூட்டு திறந்தால் வலி இறங்கும். நான் வலியே இல்லாமல் திறந்தேன், திரும்பத் திரும்பத் திறந்தேன், கடைசியில் அது திறக்காவிட்டால் நிற்கமுடியாது என்கிற இடத்துக்கு வந்தேன். அப்பா அந்தச் சாவியைத் தூக்கி எறிகிறவர். நான் அதற்காக வீட்டைத் தூக்கி எறிந்தவன். இரண்டும் ஒன்றில்லை. கொஞ்ச நாள் சாப்பிட்டால் அவர் உடம்பும் அதற்குப் பழகும், திடீரென்று நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். உடம்பு பழகுவது வேறு, மனுஷன் அதைத் தேடி ஊரெல்லாம் அலைவது வேறு. அலைந்தவன் சொல்கிறேன், நம்பு.

அதே பூட்டு குடலிலும் இருக்கிறது. அதனால் மலச்சிக்கல் வரும். குமட்டலும் தூக்கமும் சில நாளில் பழகிப்போகும், இது மட்டும் பழகாது. முதல் நாளே மலம் இளக மருந்து சேர்த்துக் கொடுக்கவேண்டும். டாக்டர் எழுதியிருப்பார், சீட்டைப் பார். அரிப்பு வரலாம். வலி வந்த பிறகு ஓடிப்போய்ச் சாப்பிடுவது இல்லை, வலி வருமுன் மணிப்படி சாப்பிடுவது.

கொல்லுமா என்று கேட்டாய். அளவு மீறினால் கொல்லும். மூச்சை நடத்துகிற இடத்திலும் அந்தப் பூட்டு இருக்கிறது. டாக்டர் கொஞ்சமாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் பயமில்லை. ஆனால் இதை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொள்: தட்டி எழுப்பினாலும் எழவில்லை, கண்மணி கடுகளவுக்குச் சுருங்கிவிட்டது, மூச்சு விட்டு விட்டு வருகிறது என்றால், பெரியவர்கள் பேசி முடிக்கும் வரை நிற்காதே. ஆஸ்பத்திரிக்குக் கத்து.

பெரியப்பாவைத் திட்டாதே. பேட்டைக்கு வெளியே சுரங்கக் கழிவு கொட்டிய சயனைட் மணல்மேட்டுக்குப் பின்னால் நான் நீலம் பாரித்துக் கிடந்தபோது என்னைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தவர் அவர். அவர் பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு அப்பாவின் முதுகு விலை கொடுக்கக் கூடாது.

ஆஸ்டின்

*

ஆண்டர்சன்பேட்டை
12 டிசம்பர்

அண்ணா,

அப்பா மருந்துக்கு ஒத்துக்கொண்டார். நான்தான் சண்டை போட்டேன்.

நீ எழுதியதை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போய், பயாலஜி டீச்சர் சொன்னதாகச் சொன்னேன். உன்னைப் போன்ற பொய்யனுக்குத் தங்கை வேறெப்படி இருப்பாள். அப்பா பாதி கேட்டுவிட்டு, பெரியவங்க விஷயத்தில் தலையிடாதே என்றார். நான் தட்டிக்கு அந்தப் பக்கம் படுக்கிறவள், ராத்திரி நீங்கள் படுகிற பாடு எனக்கு ஒவ்வொன்றும் தெரியும், தலையணை ஒன்றும் மறைக்கவில்லை என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. சாயந்தரம் தானாகவே தண்ணீர் கேட்டார். மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

வலி குறைந்தது. ஆனால் வாந்தி நிற்கவே இல்லை. அதற்கு மருந்து கொடுத்தும் நிற்கவில்லை, விழுங்குவதற்கும் கஷ்டமாகிவிட்டது. போன வாரம் பெரியப்பா மறுபடி கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஒட்டுகிற மருந்து கொடுத்திருக்கிறார். ஃபென்டானில் பிளாஸ்டர். மூன்று நாளைக்கு ஒன்று. தோல் வழியாக மெல்ல மெல்ல உள்ளே போகுமாம். நெஞ்சில் ஒட்டினால் அப்பா சொறிந்து எடுத்துவிடுகிறார் என்று முதுகில், தோள்பட்டைக்குப் பக்கத்தில் ஒட்டுகிறோம்.

இதற்கு அப்பா சண்டையே போடவில்லை. அவர் கணக்கு என்ன தெரியுமா? முழுங்கினால்தான் போதையாம், ஒட்டினால் மருந்தாம். பெரியப்பாவிடமே வாதாடினார். “வாயில போட்டனா? இல்ல. வாசனை வருதா? இல்ல. அப்புறம் இன்னாண்ணே, இது சுளுக்குக்கு ஒட்ற பிளாஸ்திரி மாதிரிதான்.” இதுவும் அதே குடும்பத்து மருந்துதான் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

நேற்று நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். முன்பெல்லாம் முதுகில் கை பட்டாலே துடிப்பார், இப்போது அவரே அம்மாவிடம் பழையபடி செங்கல் கேட்கிறார். சுரங்க மில்லின் சூளையிலிருந்து தாத்தா கொண்டுவந்த அந்த ஃபயர் பிரிக், கனத்த சூளைச் செங்கல்தான். ஷிஃப்ட் முடிந்து வேர்வையோடு மேலே வந்தவர்களுக்கு சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் எல்லாரும் வைப்பார்களே, அதே மாதிரி அம்மா அடுப்பில் சுடவைத்து சாக்கில் சுற்றி முதுகுக்குக் கொடுக்கிறாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துகொள்கிறார். அம்மா சந்தோஷத்தில் பாட்டுப் பாடுகிறாள். எனக்கு என்னவோ கிறிஸ்மஸ் இப்போதே வந்த மாதிரி இருக்கிறது.

உனக்கு நன்றி சொல்லமாட்டேன். சைக்கிளில் கழித்துக்கொள்கிறேன்.

டீனா

*

27 டிசம்பர்

மருந்து கொல்லாது என்று நீ எழுதினாய். நீ எழுதியதை நம்பித்தான் நான் அப்பாவிடம் சண்டை போட்டேன்.

கிறிஸ்மஸ் அன்று சாயந்தரம் ஜெபத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். அப்பா நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். பனி நேரம், களைப்பு என்று விட்டுவிட்டோம். பாட்டுப் பாடும்போதும் எழவில்லை. நான் போய்த் தட்டினேன். எழவில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தேன், கண்மணி கடுகு மாதிரி. மூச்சு வருகிறது, நின்றுவிடுகிறது, நான் செத்துவிட்டார் என்று நினைக்கும்போது இன்னொன்று வருகிறது. பெரியப்பா ஜெபத்தை முடித்துவிடலாம் என்றார். நான் கத்தினேன். இவ்வளவு பேருக்கு நடுவில் அப்படிக் கத்தினேன், பக்கத்து வீட்டு ஆட்டோ தானாக வந்து நின்றது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபிறகு பிளாஸ்டரை எடுத்துவிட்டு ஒரு ஊசி போட்டார்கள். அப்பா உடனே கண் திறந்தார். திறந்ததும் வலியில் அலறினார். அந்த அலறலை நான் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன். ஒரு நாள் வைத்திருந்துவிட்டு, உங்கள் டாக்டரைக் கேளுங்கள் என்று அனுப்பினார்கள். பெரியப்பா யாரையும் கேட்கவிடவில்லை. மீதி பிளாஸ்டரை எல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். நாற்றம் இன்னும் போகவில்லை.

இப்போது அப்பாவுக்கு வலியோடு வேறென்னவோ வந்திருக்கிறது. ஓயாமல் கொட்டாவி விடுகிறார். மூக்கு ஒழுகுகிறது. உடம்பெல்லாம் கோழி உரித்த மாதிரி மயிர் நிற்கிறது. வயிறு போகிறது. பெரியப்பா எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். “பாத்துக்கங்க. இவன் புள்ளைக்கு எப்படி வந்துச்சோ அப்படியே இருக்குது. ஒரு மாசத்துல என் தம்பியையும் அடிமை ஆக்கிட்டாங்க.” அப்பா போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டார். எனக்கு முன்னால் அவருக்கு வெட்கம்.

நான்தான் அவரைக் கொல்லப் பார்த்தேன் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். அம்மா மட்டும் பார்க்கவில்லை. அது அதைவிட மோசம்.

நீ பொய் சொன்னாயா, இல்லை உனக்கே தெரியாதா? எதுவாக இருந்தாலும் எழுது.

*

பெங்களூர்
30 டிசம்பர்

டீனா,

உன் கடிதத்தைப் படித்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு கேட் வரை வந்துவிட்டேன். இங்கே நர்ஸாக இருக்கிற ஜூடித் சிஸ்டர் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். பிளாஸ்டரை அடுப்பில் போட்டார்கள் என்று நீ எழுதியிருந்த இடத்தில், அப்பாவைப் பற்றிய நினைப்பு எனக்கு வருமுன், ஐயோ வீணாகிவிட்டதே என்று எனக்குள் ஒன்று சொன்னது. அப்பாவின் உயிரைவிட அது முந்திக்கொண்டது. நான் யார் என்று தெரிந்துகொண்டு மேலே படி.

முதலில், நீ அவரைக் கொல்லவில்லை. கண்ணைத் தூக்கிப் பார்த்துக் கத்தினாயே, அதனால்தான் இருக்கிறார். அந்த ஊசி, சாவியை எல்லாம் பூட்டிலிருந்து ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். மூச்சு திரும்பும், வலியும் சேர்ந்து திரும்பும்.

அடுத்தது, கொட்டாவியும் சளியும் மயிர்க்கூச்சும். உடம்பு பழகின பிறகு திடீரென்று நிறுத்தினால் யாருக்கும் வரும். ஆஸ்பத்திரியில் இந்த மருந்து வாங்குகிற சாமியாருக்கும் வரும். அது அடிமைத்தனம் இல்லை. அப்பாவிடம் இதை நேராகச் சொல். போர்வையை இறக்கச் சொல். நான் அந்த நடுக்கத்தை மாத்திரை திருடித் தீர்த்துக்கொண்டவன். அவர் அதைப் படுத்துக்கொண்டு தாங்குகிறவர். அவர் என்னைப் போல ஆகவே இல்லை. ஆகியிருந்தால் அடுப்பை நோண்டியிருப்பார்.

இனி முக்கியமானது. ஜூடித் சிஸ்டரிடம் எல்லாம் சொன்னேன். அளவு ஏற்றினார்களா என்றார். இல்லை. இரண்டு பிளாஸ்டர் சேர்த்து ஒட்டினார்களா? இல்லை. காய்ச்சல் இருந்ததா? நீ எழுதவில்லை. முதுகில் ஏதாவது சூடு வைத்தார்களா என்று கேட்டார். நான் எழுந்து போய் உன் 12ஆம் தேதிக் கடிதத்தை எடுத்துவந்து படித்தேன்.

செங்கல், டீனா.

அந்தப் பிளாஸ்டர் மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தோலுக்குக் கொடுக்கும்படி செய்யப்பட்டது. மேலே சூடு பட்டால் தோலுக்கு அடியில் ரத்தம் பாயும், மூன்று நாளைக்கு உள்ள மருந்து அவசர அவசரமாக உள்ளே இறங்கும். கிறிஸ்மஸுக்கு எவ்வளவு பனி பெய்திருக்கும், அம்மா எத்தனை தடவை அதைச் சுடவைத்திருப்பாள் என்று யோசித்துப் பார். அந்தச் செங்கல் ஒரு தடவை சூடானால் சீக்கிரம் ஆறாது. எனக்கே வைத்திருக்கிறாள்.

அம்மாவிடம் முதலில் தனியாகச் சொல். கூட்டத்தில் அவளுக்குத் தெரியவரக் கூடாது. யாரும் சொல்லாமல் அவளுக்கு எப்படித் தெரியும்? வலி நின்ற மனுஷன் முதுகுக்குச் சூடு கேட்டார், கொடுத்தாள்.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் சொல். சத்தமாகச் சொல். அப்பா வலியோடு சாகவேண்டிய அவசியம் எதுவும் இல்லை. மறுபடி டாக்டரிடம் போகவேண்டும். நீங்களாக ஒன்றையும் ஒட்டவேண்டாம், கொஞ்சநாள் நின்ற உடம்புக்குப் பழைய அளவு இப்போது ஆகாது, டாக்டர் புதிதாகக் கணக்குப் போடவேண்டும்.

ஆஸ்டின்

*

ஆண்டர்சன்பேட்டை
11 ஜனவரி 2025

அண்ணா,

சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் குழாயடியில் வைத்துச் சொன்னேன். கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்த் தண்ணீரை நிறுத்தினேன்.

வியாழக்கிழமை நம் வீட்டில் ஜெபம். பெரியப்பா கடைசியில், “இந்தப் பிள்ளை அறியாமல் செய்ததை மன்னியும் ஆண்டவரே” என்று எனக்காகவும் ஜெபித்தார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை. ஆமென் சொல்லும் வரை பொறுத்தேன். எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“பெரியப்பா, அப்பாவுக்கு அப்படி ஆனதுக்கு மருந்து காரணம் இல்ல. நான் செஞ்சதும் தப்பில்ல. செங்கல் வெச்சதால ஆச்சு.”

சின்னப் பிள்ளை, பயத்தில் உளறுகிறது என்று யாரோ சொன்னார்கள். நான் உளறவில்லை. பிளாஸ்டர் எப்படி வேலை செய்யும், சூடு என்ன செய்யும், கொட்டாவி ஏன் வந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், ஆனால் நிறுத்தவில்லை. பெரியப்பா என்னை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. அப்போது அம்மா அடுப்படியிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“அவ சொல்றது நெஜம். அன்னிக்கு மூணு வாட்டி வெச்சேன். ஆறிப்போச்சு ஆறிப்போச்சுன்னு திருப்பித் திருப்பி வெச்சேன். யாரையாவது கேக்கணும்னா என்னைக் கேளுங்க. புள்ளைய வுட்டுடுங்க.”

பெரியப்பா முகம் வெளுத்துவிட்டது. கோபம் என்று நினைத்தேன். கோபம் இல்லை. பைபிளின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“டாக்டர் சொன்னாரு. ஹாட் வாட்டர் பேக் வெக்கக் கூடாதுன்னு தெளிவாத்தான் சொன்னாரு. நம்ம வீட்ல ஏது ஹாட் வாட்டர் பேக்குன்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல.”

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்பா சிரிக்கிறார். வலியில் விலாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். “அண்ணே, மைன்ஸை மூடறதுக்கு கவர்மென்ட் எதுக்குண்ணே, நீ ஒரு ஆளு போதும்.”

பெரியப்பாவுக்கு அது தாங்கவில்லை. அதெல்லாம் இருக்கட்டும், இந்த விவரமெல்லாம் உனக்கு யார் சொன்னது என்று என்மேல் பாய்ந்தார். பயாலஜி டீச்சர் என்று நாக்கு நுனி வரை வந்தது. எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

“ஆஸ்டின் அண்ணா.”

அந்தப் பேர் இந்த வீட்டில் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன்னோடு எழுதிக்கொண்டிருப்பதையும் சொல்லிவிட்டேன், இனியும் எழுதுவேன் என்றும் சொன்னேன். ஒரு போதைக்காரன் பேச்சைக் கேட்டா மறுபடி அந்த மருந்துக்குப் போவது என்று பெரியப்பா ஆரம்பித்தார். அப்பா கையைத் தூக்கினார்.

“அந்த லெவலுக்கு எறங்கிப் போனவன் நம்மள்ல அவன் ஒருத்தன்தான். கீழ இன்னா இருக்குதுன்னு மேல நிக்கிறவங்களக் கேட்டா தெரியுமா?”

சுரங்கத்துப் பேச்சில் அவ்வளவுதான் சொன்னார். மறுநாளே நாங்கள் பெங்களூருக்குப் போனோம். இந்தத் தடவை நானும் உள்ளே போனேன். செங்கல் கதையைக் கேட்டதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இனி எல்லாரிடமும் செங்கல் என்றும் சொல்கிறேன் என்றார். உன் ஜூடித் சிஸ்டர் சொன்ன மாதிரியேதான் அவரும் சொன்னார். மறுபடி சின்ன அளவில் ஆரம்பித்திருக்கிறார். சூடு, மின்சாரப் போர்வை, வெயிலில் முதுகு காட்டி உட்காருவது ஒன்றும் கூடாது. காய்ச்சல் வந்தால் உடனே சொல்லவேண்டும். கழற்றின பிளாஸ்டரை ஒட்டும் பக்கம் உள்ளே மடித்து ஆஸ்பத்திரிக்கே திருப்பித் தரவேண்டும், ஏனென்றால் அதில் இன்னும் மருந்து இருக்கும். குளிருக்கு அப்பாவுக்கு இரண்டு ஸ்வெட்டர்.

நேற்று ராத்திரி தட்டிக்கு அந்தப் பக்கம் குறட்டைச் சத்தம் கேட்டது. நான் எழுந்து போய் மூச்சை எண்ணினேன். சரியாக இருந்தது. திரும்ப வந்து படுத்தேன்.

அப்பா உன்னை வரச் சொல்லுகிறார். அவர் வாயாலேயே. “வந்துட்டுப் போவச் சொல்லு.” எப்போது வருகிறாய்?

டீனா

*

பெங்களூர்
16 ஜனவரி

டீனா,

உன் கடிதத்தை ஜூடித் சிஸ்டருக்குப் படித்துக் காட்டினேன். ஹாட் வாட்டர் பேக் வந்ததும் அவர் சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். நான் அப்பா சொன்னதை மட்டும் அவருக்குப் படிக்கவில்லை. அது எனக்கு.

நான் வீட்டுக்கு வரமாட்டேன்.

படித்ததும் தூக்கி எறியாதே, காரணத்தைக் கேள். எனக்குத் தினமும் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை தருகிறார்கள். பூப்ரெநார்ஃபின் என்று பேர். அதுவும் அதே குடும்பம். பூட்டுக்குள் பாதி திரும்பி நின்றுகொண்டு வேறு சாவியை உள்ளே விடாது. அதை வைத்துக்கொண்டு நான் சமையல்கட்டில் வேலை செய்கிறேன், தூங்குகிறேன், இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஆனால் அது என் உடம்பைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அலமாரியில் ஒரு பெட்டி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்தக் கூரைக்குக் கீழே ஒரு ராத்திரி படுத்தால், நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பேனா, அலமாரியைப் பார்த்துக்கொண்டிருப்பேனா? எனக்குத் தெரியும். உனக்கு எழுதினேனே, அடுப்பில் போட்டதைப் படித்ததும் எது முந்தியது என்று.

நான் திருடமாட்டேன் என்று சத்தியம் செய்யலாம். எத்தனை சத்தியம் செய்தேன் என்று அம்மாவைக் கேள். அவர் மருந்தில் ஒன்று குறைந்தாலும் அவர் மூன்று நாள் அலறுவார். அந்தப் பந்தயத்தை அவர் முதுகில் கட்டமாட்டேன்.

வேலை இருக்கிறது, லீவு கிடைக்கவில்லை என்றெல்லாம் அப்பாவிடம் சொல்லாதே. ஆஸ்டினுக்குப் பயம் என்று சொல். ஊர் என்ன சொன்னாலும் இந்த அடத்தை நான் விடமாட்டேன்.

ஆஸ்டின்

*

ஆண்டர்சன்பேட்டை
28 ஜனவரி

அண்ணா,

இதைப் பகலில் எழுதுகிறேன், கூடத்தில் உட்கார்ந்து, எல்லாருக்கும் முன்னால். கையெழுத்து நன்றாக இருக்கிறதா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் ஆத்திரமாக இருந்தேன். கேஜில் நின்று ஆயிரக்கணக்கான அடி இறங்கிய மனுஷனின் பிள்ளை ஒரு அலமாரிக்குப் பயப்படுகிறான் என்று நினைத்தேன். அப்புறம் நானே அந்த அலமாரியைத் திறந்து பெட்டியைப் பார்த்தேன். இத்துனூண்டு. இதுதான் அப்பாவை உட்காரவைத்தது, இதுதான் உன்னை மணல்மேட்டில் படுக்கவைத்தது. எனக்கும் பயம் வந்தது. அதனால் நீ சொன்னபடியே, ஒரு வார்த்தை மாற்றாமல் அப்பாவிடம் சொன்னேன். ஆஸ்டினுக்குப் பயம்.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் அம்மா நினைத்தாள். சாப்பிடும்போது திடீரென்று, “பயம்னு சொன்னானா? அவன் வாயால?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்ப தேறிடுவான்” என்றார். இன்னொரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்.

“வூட்ல மருந்து இருக்குதுன்னு தானே வரல. மாரிக்குப்பம் ஸ்டேஷன்ல இன்னா மருந்தா இருக்குது? நான் அங்க வரேன்.”

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, பிப்ரவரி 2, காலை வண்டியில் வா. கடைசி ஸ்டேஷன், நீ தூங்கினாலும் தப்பாது. வெளியே வராதே, வீட்டுப் பக்கம் திரும்பவே வேண்டாம். நாங்கள் ஆட்டோவில் வருகிறோம். அவ்வளவு தூரம் அப்பாவால் உட்கார முடியுமா என்று டாக்டரிடம் போனில் கேட்டேன், முடியும் என்றார். திரும்பிப் போகிற வண்டி வரை பேசிக்கொண்டிருக்கலாம். அம்மா கோழிக் குழம்பு கொண்டுவருவாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு பிளாட்பாரத்துக்கா போகிறீர்கள் என்று பெரியப்பா கேட்டார். ஆமாம் பெரியப்பா என்றேன். சபையில் கேட்டால் நான் என்ன சொல்வது என்றார். கொர்னேலியஸ் தன் பிள்ளையைப் பார்க்கப் போனான் என்று சொல்லுங்கள் என்றேன். அப்பாவின் பேரை நான் சொன்னது இதுதான் முதல் தடவை, அப்பா காதில் விழுந்தது, அவர் என்னை அதட்டவில்லை. பெரியப்பா வரமாட்டார். ஆனால் தன் வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, அவன் உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். நீங்களே வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்றே ஒன்று. பெட்டி வீட்டில் பூட்டி இருக்கும், ஆனால் பிளாஸ்டர் அப்பாவின் முதுகில்தான் இருக்கும், சட்டைக்கு உள்ளே. அதைக் கழற்றிவிட்டு வரமுடியாது. பக்கத்தில் உட்கார உனக்குக் கஷ்டமாக இருக்குமா என்று அப்பா கேட்கச் சொன்னார். கஷ்டமாக இருந்தால் வெட்கப்படாதே, பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார். அப்பா இந்தக் கோடியில் உட்காரட்டும்.

நடுவில் நான் உட்காருகிறேன்.

டீனா